மாலை ஷிப்டும் உதவித்தொகை விண்ணப்பமும்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள்

பள்ளியில் மேல்வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் நான். பாடவேளை முடிந்ததும் கல்லூரி விண்ணப்பங்களோடு சிலர் என் மேசைக்கு வருவார்கள். வர வேண்டிய வேறு சிலர் வரமாட்டார்கள். விசாரித்தால், அந்த நேரத்தில் ஏதாவது ஒரு கடையிலோ கிடங்கிலோ உணவகத்தின் பின்கட்டிலோ வேலையில் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளே கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை. சிலவற்றைப் பிள்ளைகளே கேட்டார்கள்.

மகன் தினமும் மாலையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். உதவித்தொகை விண்ணப்பத்தை எடுத்து நீட்டினால் முகம் சுளிக்கிறான். சோம்பேறித்தனம்தானே?

ஐந்து மணி நேரம் நின்றபடி மூட்டை அடுக்குகிற பையனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு உழைக்கத் தெரியும். எந்த உழைப்புக்குப் பலன் கண்ணெதிரே தெரிகிறதோ அதில் இறங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

வேலை அவனுக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். பெட்டி காலியானால் வேலை முடிந்தது என்று அவனுக்கே தெரிகிறது. மாதம் பிறந்தால் எண்ணிப் பார்க்கக் காசு வருகிறது. கூட நிற்கிற நாலு பேர் நண்பர்களாகிவிடுகிறார்கள்.

இப்போது விண்ணப்பத்தைப் பாருங்கள். எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்வதில்லை. தொடங்காவிட்டால் யாரும் தேடுவதும் இல்லை. "உன்னைப் பற்றி 500 சொற்களில் எழுது" என்கிறது. எழுதியது தேறுமா தேறாதா என்று சொல்ல ஆளில்லை. அனுப்பிய பிறகு மூன்று நான்கு மாதம் சத்தமே இருக்காது. கடைசியில் "வருந்துகிறோம்" என்று இரண்டு வரி வரலாம். அதுகூட வராமலும் போகலாம்.

கிடைக்கப்போகிற பலாக்காயைவிடக் கையிலிருக்கிற களாக்காய் மேல் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்தான். பையன் சொன்னபடி கேட்கிறான். ஆகவே "உனக்கு அக்கறையே இல்லை" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். விண்ணப்பம் என்கிற வேலைக்கு நேரம் குறித்துத் தர ஆளில்லை, வந்தாயா என்று கேட்க ஆளில்லை, பக்கத்தில் நிற்கவும் ஆளில்லை. இந்த மூன்றையும் வீட்டிலோ பள்ளியிலோ ஏற்பாடு செய்ய முடியுமானால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அதைத்தான்.

"எனக்கெல்லாம் யார் தருவார்கள்?" என்கிறாள். அதற்கு என்ன சொல்வது?

"கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கே தெரியாததை உறுதியாகச் சொன்னால் அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தகுதி இருந்தும் தகுதி இல்லை என்று தாங்களே முடிவு செய்துகொண்டு விலகி நிற்பவர்கள் ஏராளம். அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழகம் 2015-இல் ஒரு சோதனை செய்தது. வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, "இங்கே இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் கிடையாது" என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதம் வராவிட்டாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ அதே உதவி கிடைத்திருக்கும். ஆனாலும் கடிதம் பெற்றவர்களில் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள். பெறாதவர்களில் 26 விழுக்காட்டினர்தான். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் முறையே 27 விழுக்காடு, 12 விழுக்காடு. பணத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. பெயர் எழுதி, "உனக்குத்தான்" என்று ஒருவர் சொன்னது மட்டும்தான் புதிது.

உங்களால் பல்கலைக்கழகக் கடிதம் அனுப்ப முடியாது. ஆனால் பொதுவாக "உதவித்தொகைக்கு முயற்சி செய்" என்று சொல்வதை விட்டுவிட்டு, ஒரே ஒரு உதவித்தொகையின் விதிமுறையை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த வரியைப் படி, இது நீ. அடுத்த வரியைப் படி, இதுவும் நீ" என்று விரல் வைத்துக் காட்ட முடியும். என் மேசையில் பிள்ளைகளின் முகம் மாறிய தருணங்களில் பாதி இப்படி வந்தவைதான்.

மதிப்பெண் சுமார்தான். முயற்சி செய்வதில் பொருள் உண்டா?

உண்டு. மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவை ஒரு வகை. குடும்ப வருமானம், பெற்றோரின் தொழில், வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகிறவர், உடற்குறைபாடு, விளையாட்டு, கலை, ஒரு குறிப்பிட்ட படிப்பு, ஒரு குறிப்பிட்ட ஊர் என்று பார்ப்பவை வேறு பல வகை. பெரிய பெயர் உள்ள உதவித்தொகைகளுக்கு எல்லாரும் போட்டி போடுவார்கள். ஒரு தொழிற்சங்கமோ ஊர்ச் சங்கமோ பெற்றோர் வேலை செய்கிற நிறுவனமோ தருகிற சிறிய தொகைக்குப் போட்டி குறைவு. சுமாரான மதிப்பெண் உள்ள பிள்ளை அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்வானா?

நீங்கள் போட்டுக் காட்டினால் கொட்டாவி விடுவான். அவனைப் போடச் சொல்லுங்கள். சம்பளக் கணக்குப் போட்டுப் பழகியவனுக்கு இது கைவந்த வேலை.

அவனுடைய ஒரு மணி நேரக் கூலியை 1 என்று வைத்துக்கொள்ளட்டும். அவன் குறிவைக்கிற உதவித்தொகை 400 மணி நேரக் கூலிக்குச் சமம் என்று வைப்போம். வாரம் 20 மணி நேரம் வேலை செய்கிறவனுக்கு அது ஐந்து மாதச் சம்பளம். முதல் விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்கள் தேடுவது, கட்டுரை எழுதுவது எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் பிடிக்கிறது. அதன் பிறகு அதே தாள்கள், அதே கட்டுரையின் மாற்று வடிவம். ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம் போதும். மொத்தம் எட்டு விண்ணப்பம் போட்டால் 12-உம் 21-உம் சேர்த்து 33 மணி நேரம். எட்டில் ஒன்று கிடைத்தால் மணிக்கு 12 மடங்கு கூலி. ஒன்றும் கிடைக்காவிட்டால் இழப்பு ஒன்றரை வாரச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம்.

இப்படி 33 மணி நேரம் செலவழிப்பவர்கள் 12 பேர் என்றால், அதில் ஒருவருக்குக் கிடைத்தாலே கூலிக்கணக்கு நேராகிவிடுகிறது. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். எண்களை உங்கள் பிள்ளையின் உண்மையான கூலிக்கும் உண்மையான தொகைக்கும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சில உதவித்தொகைகளுக்கு இந்தக் கணக்கு நேராகாது: தொகை சிறியது, கேட்கும் தாளோ இருபது. அவற்றை விட்டுவிடலாம் என்று பிள்ளையே சொன்னால் சம்மதியுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் வேண்டும் என்பதற்கு மதிப்பு வரும்.

படிப்பின் பயனை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். போதாதா?

சொல்வதற்கும் பயன் உண்டு, ஆனால் ஓரளவுக்குத்தான். டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், மேலே படித்தவர்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதைச் சொல்லிப் பார்த்தார் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர். பிள்ளைகள் அந்த வித்தியாசத்தை மிகக் குறைவாக மதிப்பிட்டு வைத்திருந்தார்கள். உண்மையைக் கேட்டவர்களில் பலர் கூடுதல் காலம் பள்ளியில் தங்கினார்கள். ஆனால் மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அவர்களுக்கும் விஷயம் புரிந்தது. படிப்பைத் தொடர வழிதான் இல்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவிக்கு அப்போது ஒரு நீளமான அரசுப் படிவம் இருந்தது. எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக்கணக்கு நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் சிலருக்கு, வரிக்கணக்கு முடித்த கையோடு அந்தப் படிவத்தையும் ஊழியர்களே கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு என்ன உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். 2012-இல் வெளியான முடிவு இது: படிவம் நிரப்ப உதவி கிடைத்த குடும்பங்களில், பள்ளி முடிக்கும் நிலையில் இருந்த பிள்ளைகளில் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

பெற்றோருக்கு நான் இதை எப்படிச் சொல்வேன் என்றால், பத்து நாள் பேசுவதைவிட ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். படிவம் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் போதும். கடையில் சக ஊழியர் நிற்கிற இடத்தில் இங்கே நீங்கள் நிற்கிறீர்கள்.

அவன் சம்பளம் இல்லாமல் வீட்டுச் செலவு ஓடாது. நாங்கள் என்ன செய்வது?

மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது சுலபம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. "எப்படியாவது படிக்க வையுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் வாடகை கட்டப்போவதில்லை.

முதலில் ஒன்று. கையில் காசு இல்லாத காலத்தில் மனம் வேறு மாதிரி இயங்குகிறது. பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்டார் ஷஃபீரும் இன்னும் இருவரோடு சேர்ந்து, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் சிந்தனைத் திறன் சோதனைகள் நடத்தி, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பணம் வந்த பிறகு சிறப்பாகச் செய்த அதே விவசாயிகள், அறுவடைக்கு முந்தைய நெருக்கடியில் குறைவாகச் செய்திருந்தார்கள். ஆள் மாறவில்லை, நெருக்கடிதான் மாறியது. வீட்டுக் கடனைப் பற்றிய பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்போது, அடுத்த ஆண்டு வரக்கூடிய ஒரு தொகைக்குக் கட்டுரை எழுத உங்கள் மகனால் முடியவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வேலையை விடு என்று சொல்ல வேண்டியதில்லை. குறைக்க முடியுமா என்று பாருங்கள். பள்ளியில் படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவர்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற எல்லை வாரம் 20 மணி நேரம். அதற்கு மேல் போனால் படிப்பு சரியத் தொடங்குகிறது. அதற்குள் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். விண்ணப்பக் காலம் என்பது ஆண்டு முழுவதும் அல்ல; பெரும்பாலும் சில வாரங்களில் குவிந்து வரும். அந்த வாரங்களில் மட்டும் ஒரு ஷிப்ட் குறைத்துக் கேட்கலாம். தேர்வு என்றால் விடுப்புக் கொடுக்கிற முதலாளிகள் விண்ணப்பத்துக்கும் கொடுப்பார்கள், கேட்டால்.

அடுத்து, எந்த உதவித்தொகை எதைக் கட்டுகிறது என்று பாருங்கள். கல்விக் கட்டணத்தை மட்டும் கட்டுவது உங்கள் வீட்டுக்குப் போதாது. தங்குமிடம், உணவு, புத்தகம், போக்குவரத்துக்கும் சேர்த்துத் தருபவை உண்டு. மாதந்தோறும் மாணவர் கையில் பணமாகத் தருபவையும் உண்டு. கல்லூரிக்குள்ளேயே நூலகத்திலோ ஆய்வகத்திலோ பகுதிநேர வேலை தருகிற கல்லூரிகளும் இருக்கின்றன. பட்டியலில் இவற்றை மேலே வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் தடையாக இருந்தால் விலக்கு உண்டா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பல இடங்களில் உண்டு. அதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.

விண்ணப்பம் போட்டால் கைப்பேசி வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பது நல்லது. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர் விளையாட்டில் தாமாகவே ஈடுபட்ட மாணவர்களுக்குக் காசு கொடுத்துப் பார்த்தார். காசு நின்றதும் புதிரின் மீதிருந்த ஆர்வமும் குறைந்தது. விண்ணப்பம் நிரப்புவதில் ஆர்வம் எங்கே இருக்கிறது குறைவதற்கு என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். என் தயக்கம் வேறு: கைப்பேசிக்காகப் போடுகிற விண்ணப்பம் கைப்பேசிக்காகப் போட்டது போலவே இருக்கும், படிப்பவருக்கும் அது தெரியும். வாரக்கடைசியில் ஒரு விண்ணப்பம் அனுப்பிய இரவு எல்லாரும் சேர்ந்து வெளியே சாப்பிடுவது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது? ஒவ்வொரு ஞாயிறும் "அடுத்த வாரம்" என்கிறாள்.

"இந்த வாரத்துக்குள் முடி" என்பது யாருக்கும் வேலை செய்யாது, எனக்கும் உட்பட. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் சோதனை ஒன்றில், விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே குறித்து வைத்தவர்களில் பெரும்பாலோர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் அனுப்பினார்.

அதனால் விண்ணப்பத்துக்கும் ஒரு ஷிப்ட் வையுங்கள். வேலை இல்லாத ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரே மேசை. வேலை அட்டவணை மாட்டியிருக்கிற அதே சுவரில் இதையும் மாட்டுங்கள். முதல் ஷிப்டில் எழுதவே வேண்டாம். ஒரு கோப்பு எடுத்து, மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டை, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம் எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்துச் சேமித்து வைப்பதோடு முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஷிப்டில் ஆறேழு உதவித்தொகைகளைத் தேர்ந்தெடுத்துக் கடைசித் தேதி வாரியாக எழுதுவது. அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் வீட்டுக் கடைசித் தேதியைப் போடுங்கள். கடைசி நாள் இரவில் இணையதளம் திணறுவதை நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ்களில் பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். ஓரெழுத்து மாறியிருந்தாலும் திருத்த வாரக்கணக்கில் ஆகும். நல்ல மாணவி ஒருத்திக்கு இதனாலேயே ஒரு வாய்ப்பு போனது; சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லாதது என் தவறு.

கட்டுரை எழுத ஒன்றுமே இல்லை என்கிறான். பரிசு வாங்கியதில்லை, போட்டிக்குப் போனதில்லை.

வேலைக்குப் போகிற பிள்ளைக்கு எழுத ஒன்றுமில்லை என்பதை நான் நம்பமாட்டேன். கோப்பைகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளைத் தேர்வாளர்கள் கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள். இரவு கடை மூடும்போது கல்லாவில் காசு குறைந்து, எங்கே பிசகியது என்று ஒவ்வொரு ரசீதாகத் தேடிக் கண்டுபிடித்த பையனின் கட்டுரை அதில் தனியாகத் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு மாணவன் மூன்று முறை "நான் கடின உழைப்பாளி" என்று தொடங்கி மூன்று முறையும் கிழித்துப் போட்டான். பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, நேற்று வேலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். கெட்டுப்போகும் சரக்கை முன்னால் வைக்காமல் புதிதாக வந்ததை முன்னால் அடுக்கியதால் வாராவாரம் வீணாவதைக் கவனித்ததாகவும், மேற்பார்வையாளரிடம் சொல்லி அடுக்கும் முறையை மாற்றியதாகவும் சொன்னான். எவ்வளவு வீணானது, மாற்றியபின் எவ்வளவு குறைந்தது என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். சொன்னதை அப்படியே எழுது என்றேன். அரை மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் வந்தது. "கடின உழைப்பாளி" என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

வேலையும் விண்ணப்பமும் ஒன்றையொன்று தின்னும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றுக்கு ஒன்று தீனி போடவும் செய்யும்.

கட்டுரையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கணினிக் கருவி எழுதித் தருவதும் வேண்டாம்; மெருகாக இருக்கும், யாருடையது என்று தெரியாது. சிலர் அப்படி எழுதியதை நேரடியாகவே விலக்கிவிடுகிறார்கள். எழுத்துப் பிழை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது?

பிள்ளையை நன்றாகத் தெரிந்தவரிடம். பதவி பெரியதா என்பது இரண்டாவது. ஓர் ஆசிரியர் அவசியம். இரண்டாவது கடிதத்துக்கு அனுமதி இருந்தால் வேலையிடத்து மேற்பார்வையாளரைக் கேட்கலாம். நேரம் தவறாமை, பொறுப்பு, பணத்தில் நாணயம் இவற்றைப் பற்றிச் சொல்ல அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை. குறைந்தது மூன்று வாரம் முன்னால், கடைசித் தேதியையும் பிள்ளையைப் பற்றிய அரைப் பக்கக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

முன்பணம் கட்டினால் உதவித்தொகை உறுதி என்கிறார்கள். கட்டலாமா?

கூடாது. உதவித்தொகை தருகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், வாங்கக் கூடாது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் (OTP) கேட்டாலும், விண்ணப்பிக்காத உதவித்தொகைக்குத் தேர்வாகிவிட்டதாகச் செய்தி வந்தாலும் அதே பதில்தான்.

நான்கு விண்ணப்பம் போட்டாள், நான்கும் நிராகரிப்பு. இனி போடமாட்டேன் என்கிறாள்.

இரண்டு நாள் விட்டுவிடுங்கள். "பரவாயில்லை, அடுத்தது" என்று உடனே தள்ளினால் அவள் பட்ட வருத்தத்துக்கு மதிப்பில்லை என்றாகிவிடும்.

பிறகு நான்கையும் எடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டு விதமான நிராகரிப்பு உண்டு. தாள் குறைந்தது, தேதி தாண்டியது, விதிமுறையில் ஒரு வரி பொருந்தவில்லை என்பது ஒன்று, அதைத் திருத்திக்கொள்ளலாம். பத்து இடத்துக்கு ஆயிரம் பேர் போட்டார்கள் என்பது இன்னொன்று. அதில் திருத்த எதுவும் இல்லை. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து "நான் லாயக்கில்லை" என்று படித்துக்கொள்கிறார்கள். பிரித்துக் காட்டுவது நம் வேலை. ஏன் கிடைக்கவில்லை என்று பணிவாக எழுதிக் கேட்டால் சிலர் பதிலும் எழுதுவார்கள்.

அடுத்த சுற்றில் எண்ணிக்கையை இலக்காக வையுங்கள்: கிடைப்பது அவள் கையில் இல்லை, அனுப்புவது அவள் கையில் இருக்கிறது. "இந்த மாதம் மூன்று அனுப்பிவிட்டேன்" என்று அவளால் சொல்ல முடிய வேண்டும்.

படிப்பே வேண்டாம், வேலைக்கே போகிறேன் என்கிறான். தடுப்பதா?

இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த வேலையில் ஐந்து ஆண்டு இருப்பவரின் சம்பளம் என்ன? அவர் இப்போது செய்வது நீ செய்வதிலிருந்து எவ்வளவு வேறு? அவனே விசாரித்து வரட்டும். கற்றுக்கொண்டு மேலே போக வழியுள்ள தொழில் என்றால், உதாரணமாக மின்பணி, வெல்டிங், சமையல்கலை, வாகனம் பழுதுபார்ப்பு போல, அதை மட்டமாகப் பேசாதீர்கள். அவற்றுக்கான பயிற்சிக்கும் உதவித்தொகை இருக்கிறது. தொழில் பழகுநர் பயிற்சியில் கற்கும்போதே ஊதியமும் உண்டு. விருப்பமில்லாமல் சேர்ந்து, கடன் வாங்கி, பாதியில் விட்டவர்களின் நிலை சேராதவர்களைவிட மோசமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து ஆண்டு கழித்தும் அதே பெட்டியைத்தான் தூக்குகிறார் என்று தெரிந்து வந்தால், அந்தச் செய்தி அவனிடம் பேசட்டும். நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள், கடினம்தான். ஓர் ஆண்டு வேலை பார்த்துவிட்டுச் சேர்கிறேன் என்றால், அந்த ஓராண்டு இடைவெளியை உதவித்தொகை ஏற்குமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளி முடித்த அதே ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும் என்று பல உதவித்தொகைகள் சொல்கின்றன.

(ஒரு மாணவியின் கேள்வி) ஐயா, தோழிகள் எல்லாரும் சொந்தமாகச் சம்பாதிக்கிறார்கள். நான் மட்டும் எங்கள் ஏழ்மையை எழுதிக் காட்டிக் கை நீட்டுவதா?

இதைக் கேட்க உனக்கு எவ்வளவு நாள் ஆனது என்று தெரியவில்லை அம்மா, கேட்டாயே, நல்லது. பலர் கேட்காமலே விலகிவிடுகிறார்கள், நாங்கள் அதை அக்கறையின்மை என்று எழுதி வைத்துவிடுகிறோம்.

கடையில் உன் உழைப்புக்குக் கூலி வாங்கும்போது கை நீட்டுகிறோம் என்று உனக்குத் தோன்றுவதில்லை. உதவித்தொகை வைத்தவர்களும் ஒன்றை எதிர்பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்: ஒரு மருத்துவரோ ஆசிரியரோ பொறியாளரோ உருவாக வேண்டும் என்று. இறந்துபோன பிள்ளையின் பெயரில் வைத்தவர்கள் உண்டு. தான் படிக்கும்போது யாரோ கொடுத்ததை நினைத்து வைத்தவர்கள் உண்டு. விண்ணப்பிக்க ஆள் இல்லாவிட்டால் ஏமாற்றம் அவர்களுக்குத்தான்.

ஏழ்மையை அழுது எழுத வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு என்பதை எண்ணாகப் படிவத்தில் எழுது. அதற்கு அங்கே கட்டம் இருக்கிறது. கட்டுரையில் நீ என்ன செய்கிறாய், என்ன படிக்கப்போகிறாய் என்பதை எழுது. எதை வெளியில் சொல்ல விருப்பமில்லையோ அதை எழுதாதே. எழுதாததற்காக யாரும் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள்.

கிடைத்துவிட்டது. இனி கவலை இல்லை அல்லவா?

இருக்கிறது, கொஞ்சம். கடிதத்தை முழுதாகப் படியுங்கள். ஓராண்டுக்கு மட்டுமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா, அதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும், பணம் கல்லூரிக்குப் போகுமா கைக்கு வருமா, எப்போது வரும் என்று பாருங்கள். கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்குப் பிறகு பணம் வருமானால், கட்டணத்துக்கு அவகாசம் கேட்டு இப்போதே எழுதுங்கள். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளி முடிந்து கல்லூரி திறப்பதற்கு இடையிலுள்ள மாதங்கள்தான் எனக்குப் பயம். இடமும் உதவியும் கிடைத்த பிள்ளைகளில் சிலர் அந்த இடைவெளியில் முழுநேர வேலையில் இறங்கி, ஏதோ ஒரு படிவத்துக்குப் பதில் அனுப்பாமல், அப்படியே சேராமல் போய்விடுகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் இல்லை, கல்லூரி ஆசிரியர்கள் இன்னும் வரவில்லை, கேட்க ஆளே இல்லாத காலம் அது. சுவரில் மாட்டிய அந்த அட்டவணையைக் கல்லூரி தொடங்கி முதல் மாதம் முடியும் வரை கழற்றாதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும்: மின்னஞ்சல் பார்ப்பது, வந்த கடிதங்களுக்குப் பதில் போடுவது.